காற்று விழுந்த பிறகு போனவன்

காற்றைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு வெளியிலிருந்து வந்து யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்று பல கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன். வைகாசியில் பிடிக்கிற சோளகம் புரட்டாதி மட்டும் நிற்கும், கார்த்திகை கழிய வாடை, இடையில் கொண்டலும் கச்சானும் என்று விரல் மடித்துச் சொல்லும்போது எதிரில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அப்படி ஒரு கூட்டம் முடிந்து படலைக்கு வெளியே வந்ததும் வயதான ஒருவர் கேட்டார், "மாஸ்டர், இப்ப அடிக்கிறது என்ன காத்து?" நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு பனையைப் பார்த்தேன். "கலப்புக் காத்து" என்றேன். அப்படியொரு காற்று கிடையாது. அவர் கடலுக்குப் போய் வந்த மனிதர்; மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

என்னை ஏன் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள் என்றால், குடாநாட்டைச் சுற்றிக் காற்றாடி நடும் கதை பத்து வருசத்துக்கு மேலாக நடக்கிறது. 2014இல் பளைக்குப் பக்கத்தில், புலோப்பளைக் களப்புக் கரையில் இரண்டு காற்றாலைகள் வந்தன. 2020 டிசம்பரில் மன்னார் தீவின் தென்கரையில் தம்பபவனி, 30 சுழலிகளோடு, 103.5 மெகாவாட். சங்குப்பிட்டிப் பாலத்துக்கு அங்கால் பூநகரியில் 234 மெகாவாட், மன்னாரில் இன்னொரு 250 என்று அதானி நிறுவனம் போட்ட திட்டம் விலைப் பேச்சில் இழுபட்டு, 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனமே விலகிக்கொண்டது. இவற்றுக்கு நடுவில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்ற மூன்று சின்னத் தீவுகளின் விவகாரம். அதற்குள் இரண்டு பெரிய நாடுகள் வந்து மல்லுக்கட்டின. இவ்வளவும் நடக்கிற ஊரில் ரியூட்டரியில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னைப் பிடித்துச் சனசமூக நிலைய மேடையில் ஏற்றினார்கள். ஓய்வு பெற்ற வாத்தியை மேடையில் ஏற்றுகிறவர்கள் குறைவு. நானும் ஏறினேன்.

பேச்சு ஒரு பக்கம் இருக்க, செயலில் இறங்கியது 2022இல். நாட்டில் டொலர் இல்லை, டீசல் இல்லை, பங்குனி கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி நட்டுச் சிக்கன விளக்குக் கொளுத்தினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். அந்த வீரம் இன்னும் உடம்பில் மிச்சமிருக்கிறது என்று எனக்கொரு நினைப்பு. பழைய இரும்புக் கடையில், வீட்டுக்குள் ஓடுகிற உடற்பயிற்சி மெசினின் மோட்டர் ஒன்று கிடைத்தது. எஸ்லோன் பைப்பை நெடுக்காகக் கீறி மூன்று இதழ் வெட்டினேன். மருமகன் கம்பத்தைப் பிடிக்க, மொட்டை மாடியில் ஏற்றிக் கட்டி, கீழே ஒரு கார் பற்றரியில் இணைத்தேன்.

காற்றாலையின் வலு காற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்கு. அதே கணக்குத் திரும்பியும் கடிக்கும். வேகம் பாதியானால் வலு எட்டில் ஒரு பங்கு. என்னுடைய சுழலி ஒரு ஆள் கை விரித்த அகலம்கூட வராது. செக்கனுக்கு ஆறு மீற்றர் காற்றில் அதிலிருந்து நாற்பது வாட் அளவில் எடுக்கலாம், மூன்று மீற்றர் என்றால் ஐந்து வாட். தம்பபவனியில் நிற்கிற சுழலியின் விட்டம் 126 மீற்றர், ஒன்று 3.45 மெகாவாட். அது கடற்கரையில் தலை நிமிர்த்தி நிற்கிறது. என்னுடையது ஒரு பக்கம் மாமரம், மறுபக்கம் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கி, இரண்டுக்கும் நடுவில் குனிந்து நின்றது. காற்று அங்கே வந்து சேரும்போது திசை கெட்டு, வேகம் கெட்டு, மாமரத்தில் பட்ட எரிச்சலோடுதான் வந்தது. இதெல்லாம் கரும்பலகையில் தெரிந்தது. மாடியில் ஏறும்போது ஞாபகம் வரவில்லை.

ஆனாலும் சுற்றியது. அழகாகவே சுற்றியது. கைபேசியில் படம் பிடித்து ரொறன்ரோவிலிருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இரவு, வெட்டு நேரம், புழுக்கம் தாங்காமல் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். மனைவி மேலே பார்த்துவிட்டுக் கேட்டார், "இஞ்சருங்கோ, மாவில ஒரு இலை ஆடேல்லை. உது மட்டும் என்னெண்டு சுத்துது?"

"மேல் காத்து" என்றேன்.

"மாமரத்தைவிட உயரமோ உது?"

அன்று இரவு படுக்கையில்தான் விளங்கியது. பற்றரிக்கும் மோட்டருக்கும் நடுவில் ஓர் இருவாயி போட மறந்திருந்தேன். இருவாயி மின்னை ஒரு பக்கம் மட்டும் போகவிடும். அது இல்லாவிட்டால் காற்று இருக்கும்போது மோட்டர் பற்றரிக்கு மின் கொடுக்கும். காற்று விழுந்தால் பற்றரி மோட்டருக்கு மின் கொடுத்து அதைச் சுழற்றும். அத்தனை நாளும் என் காற்றாலை, பகலில் மின்சாரசபைக்குக் காசு கட்டி நான் ஏற்றி வைத்த பற்றரியை இரவில் குடித்துக் கொண்டிருந்திருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் காற்று இல்லாத இடத்தில் காற்றாடி சுற்றிய ஒரே வீடு எங்களுடையது. நான் அனுப்பிய படமும் அப்படியான நேரத்தில் எடுத்ததுதான் என்பதைத் தம்பிக்கு இன்று வரை சொல்லவில்லை. "சரியான ஸ்மூத்தாச் சுத்துது அண்ணா" என்று அவன் எழுதியிருந்தான். ஸ்மூத்தாகச் சுற்றாமல் என்ன செய்யும்?

அரைக்கடத்தி என்ற பாடத்தில் இருவாயிக்கு நான் தனியாக ஒரு வகுப்பே எடுப்பேன். பழைய மாணவர்கள் சிலர் இதை வாசித்தால், கட்டின காசைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இருவாயி போட்ட பிறகு சிக்கல் சத்தத்தில் வந்தது. சோளகம் பிடித்தவுடன் எஸ்லோன் இதழ்கள் படபடவென்று அடிக்கத் தொடங்கின. அடுத்த வீட்டுக்காரர் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். தைப்பொங்கல் காலத்தில் வாடைக்கு விண் பூட்டிய பட்டத்தை ஏற்றி, இராமுழுக்க மரத்தில் கட்டிவைத்து, அது கூவுகிற கூவலில்தான் சின்ன வயதில் நித்திரை கொண்டதாக அடிக்கடி சொல்லுவார். அவரே ஒரு காலையில் வேலியால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், மனிசர் படுக்கிறேல்லையோ?" என்றார். விண்ணை விட இது மெல்லிய சத்தம் என்று நிரூபிக்கக் கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலியை இறக்கி, அளந்தும் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "அது எங்கட பட்டம் மாஸ்டர்."

டென்மார்க்கில் சம்சோ என்றொரு தீவு. நெடுந்தீவு அளவுக்குத்தான் சனம், சில ஆயிரம் பேர். 1997இல் அரசாங்கம் வைத்த போட்டியில் வென்று, பத்து வருசத்துக்குள் முழுத்தீவின் மின் தேவையையும் காற்றிலிருந்து எடுப்போம் என்று இறங்கினார்கள். தரையில் ஒரு மெகாவாட் சுழலிகள் பதினொன்று, பிறகு கடலில் பத்து. தரையில் நிற்பவற்றில் பல தோட்டக்காரருடையவை, சில ஊர்ச் சனம் பங்கு போட்டு வாங்கியவை. ஐரோப்பாவின் பல ஊர்களில் சத்தம், நிழல், பார்வைக்கு அசிங்கம் என்று வழக்குப் போட்டவர்கள் இருக்க, சம்சோவில் அது சுற்றாமல் நின்றால்தான் முறைப்பாடு. இதை நான் புத்தகத்தில் வாசித்து மேடையில் சொல்லியிருக்கிறேன். வேலிக்கு மேலால் ஒருவர் சொன்னபோதுதான் காதில் விழுந்தது. சுழலியைக் கழற்றிவிட்டேன். கம்பம் இப்போது உடுப்புக் கொடி கட்ட உதவுகிறது. அதற்கு நல்ல காற்றான இடம் என்று மனைவி சொல்கிறார்.

அடுத்தது என் மகஜர். இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

2021 ஜனவரியில் அமைச்சரவை அந்த மூன்று தீவுகளுக்கும் சூரியன், காற்று, பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்த கலப்பு மின் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசு, செய்யப்போவது சினோசோர் என்ற சீனக் கூட்டு நிறுவனம். தீவுகளிலிருந்து இராமேஸ்வரம் கூப்பிடு தூரம். இந்தியா முகம் சுளித்தது. மாதக்கணக்கில் இழுபட்டு, 2021 டிசம்பரில், "மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை" காரணமாகத் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அந்த நிறுவனம் மாலைதீவில் வேறு தீவுகளுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போனது. அதே மாதம் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி, மேலுடம்பு வெறுமையாக நல்லூரில் கும்பிட்டார். 2022 மார்ச் 28இல், நாடு இருட்டில் கிடந்தபோது, இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் நிற்க, அதே மூன்று தீவுகளுக்கும் இந்திய நன்கொடையில் திட்டம் என்று கைச்சாத்தானது. 2024 மார்ச் 1இல் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம்: சூரியனில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட், 2,400 கிலோவாட் மணி பற்றரி, கைகாவலுக்கு 2,500 கிலோவாட் டீசல்.

இந்த நாடகம் நடந்த காலத்தில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் எல்லோருமே வெளிவிவகார அமைச்சர்கள். நான் மட்டும் எழுத்தில் இறங்கினேன். சீனத் திட்டம் பற்றி, சம்சோவைச் சேர்த்து, தீவு மக்களின் பங்கு பற்றி, பல பக்கத்தில் ஒரு மகஜர் தட்டச்சுச் செய்தேன். திருத்தித் திருத்தி, அழகுபடுத்தி, ஒரு காரியாலயத்துக்கு அனுப்பி வைத்தபோது திட்டமே இல்லை. மாலைதீவுக்குப் போய்விட்டது. எழுதின எழுத்தை வீணாக்குவதா என்று கொஞ்சக் காலம் வைத்திருந்து, இந்தியத் திட்டம் வந்ததும் கணினியில் "சீன" என்ற இடமெல்லாம் "இந்திய" என்று மாற்றும்படி கட்டளை கொடுத்தேன். ஒரு செக்கனில் முடிந்தது. சீனாவின் இந்தியாவின் ஆனது, சீனத் தரப்பு இந்தியத் தரப்பு ஆனது. அச்சடித்து வேறொரு காரியாலயத்துக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கிருந்த இளம் உத்தியோகத்தர் நல்ல பிள்ளை. முதல் பக்கத்தை வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சேர், இது ஆரைக் குறிக்குது?" என்று விரல் வைத்துக் காட்டினார். "மதிப்புக்குரிய இந்தியியர் எஞ்சினியர் அவர்களுக்கு" என்றிருந்தது. சீனியர் என்று நான் எழுதியதற்குள்ளும் ஒரு சீன இருந்திருக்கிறது. கணினி அதையும் விட்டுவைக்கவில்லை. இந்தத் திட்டத்தைத் தாங்கள் பார்ப்பதில்லை, வேறு அதிகாரசபைதான் பொறுப்பு என்று சொல்லி, தேநீரும் தந்து அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மகஜரை மறுபடி வாசித்தேன். நாட்டின் பெயரை மாற்றியதும் அதில் வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பது கண்ணில் குத்தியது. தீவின் பெயரை மாற்றினாலும் அப்படித்தான் இருந்திருக்கும். நெடுந்தீவு பற்றி அதில் இருந்த ஒரே விபரம் கல்வேலியும் குதிரையும், அதுவும் சுற்றுலாப் பயணிக்கான வர்ணனை.

சரி, போய்ப் பார்ப்போம் என்று 2023 பங்குனியில் வெளிக்கிட்டேன். நாளைக் கவனமாகத் தெரிந்தெடுத்தேன். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து கடல் அசையாமல் கிடக்கும். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி ஒரு மணித்தியாலம். தண்ணீரில் ஒரு சுருக்கமில்லை. இருந்தும் இயந்திரப் புகை மூக்கில் ஏறி, பாதி வழியில் சத்தி எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டிவிட்டுத் தன் பாட்டில் கணக்குச் செய்துகொண்டிருந்தது.

கையில் ஒரு வினாக்கொத்து. முதல் கேள்வி: மீள்புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா? இரண்டாவது: ஆம் எனில் மிகவும், ஓரளவு, சிறிதளவு? நாலாவது கேள்வியில் சீனாவா இந்தியாவா என்றும் போட்டிருந்தேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது. முதல் வீடுகளில் எல்லோரும் "ஓம்" என்றார்கள். மிகவும் என்றார்கள். வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீர் தந்து, அவன் கேட்டதற்கு ஓம் சொல்லி அனுப்புவது விருந்தோம்பல். நாலாவது கேள்விக்குக் கடைக்காரர் ஒருவர் மட்டும் பதில் தந்தார். "ஆர் தந்தா என்ன, பழுதாப் போனா ஆரிட்டப் போறது எண்டு அதில எழுதும்." அப்படி எழுத இடம் விட்டிருக்கவில்லை. ஓரத்தில் பொடியாக எழுதினேன்.

பூவரசு நிழலில் ஒடியல் காயப் போட்டிருந்த ஒரு ஆச்சி என் கடதாசியைப் பார்த்தவுடன், "தம்பி, நீர் கேக்கிறதை விடும். நான் கேக்கிறன்" என்றார். பாயின் ஓரத்தில் குந்தினேன். ஒடியலைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார். வாற கரண்டில் ஐஸ் போடலாமோ? ஐஸ் இல்லாமல் றெஜிபோம் பெட்டியில் மீன் வைத்து அக்கரைக்கு அனுப்ப ஏலாது; காலமை பிடித்தது பின்னேரம் பாதி விலை. கம்பம் நடப்போற காணி ஆற்றை? குதிரை மேயிற வெளியில் நட்டால் குதிரை எங்கே போறது, அது போய்க் கம்பத்தில் முதுகு தேய்க்காதோ, வேலி போட்டால் அந்த வேலி தண்ணிக்குப் போற வழியை மறிக்காதோ? எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு கரண்டோ, குளிரூட்டி பூட்டினவனுக்குக் கூடவோ?

கடைசிக் கேள்வி எனக்கு உலகத்தைச் சுற்றிக் காட்டிவிட்டது. ஸ்கொட்லாந்தில் எய்க் என்று ஒரு குட்டித் தீவு. நூறு பேரளவில் இருக்கிறார்கள். 2008இல் காற்று, சூரியன், நீர் மூன்றையும் கோர்த்துத் தங்களுக்கென்று மின் வலையமைப்பை நடத்தத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று தங்களுக்குள்ளேயே சட்டம் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தீவுச் சனம் கூடி இருந்து முடிவெடுத்த விசயத்தை ஆச்சி ஒடியல் புரட்டும்போது கேட்கிறார். எய்க் பற்றி எனக்குத் தெரியும். கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. தெரியாது. இறுதியில், மானத்தைக் காப்பாற்ற, தீவில் காற்று நல்லாக இருக்கிறது, திட்டம் கட்டாயம் வெல்லும் என்றேன்.

"எங்க இருக்கு?" என்றார் ஆச்சி.

ஒரு ஓலை அசையவில்லை. எங்கோ மின்பிறப்பாக்கி இரைகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"சோளகத்துக்க வந்து பாரும் தம்பி. அப்ப காத்து இருக்கு, வாற ஆக்கள்தான் இல்லை. கடல் கொந்தளிச்சா ஆரும் துறையில இறங்க மாட்டினம். கிளாக்கரும் வாறேல்லை, டொக்டரும் வாறேல்லை. உந்த மெசின் அப்பத்தானே வேகமாச் சுத்தும்? அப்பத்தானே உடையும்? ஆர் வந்து பூட்டுறது?"

இவ்வளவையும் வினாக்கொத்தின் "வேறு" என்ற கட்டத்தில் எழுத முயன்றேன். அது ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை.

எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கி உதவியோடு முன்னமே ஒரு சிறு கலப்பு மின்நிலையம் போட்டார்கள். சின்னக் காற்றாடிகள், சூரியத் தகடு, பற்றரி, கைகாவலுக்கு டீசல். மற்றத் தீவுகளுக்கான திட்டங்கள் அந்த வழியில் வந்தவைதான். உப்புக் காற்று தின்கிற ஆணியை மாற்ற, பற்றரியின் சூட்டைப் பார்க்க, தீவிலேயே படிப்பித்த ஆள் ஒருவர் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. பிராந்தியத் திட்டமிடல் என்ற பெயரில் காற்று வரைபடமும் காணி வரைபடமும் வரைகிறார்கள், நல்லது. ஆனால் எந்த மாதத்தில் வள்ளம் ஓடும், எந்த மாதத்தில் ஓடாது என்ற நாட்காட்டியை அதன் மேல் யாராவது வைத்துப் பார்த்தார்களோ தெரியாது. நான் பார்த்த அளவில், காற்றுத் திட்டத்துக்குத் தீவுக்கு வருகிறவர்கள் காற்று விழுந்த பிறகுதான் வருகிறோம். படத்தில் கடல் கண்ணாடியாக இருக்கும், எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்போம், முடி கலையாது. பங்குனியில் காற்றாடி நின்று டீசல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஆவணியில் என்ன நடக்கும் என்று அறிக்கை எழுதுவோம்.

மன்னார் விசயத்தில் என் வெட்கம் வேறு வகை. தம்பபவனி திறந்த புதிதில் அந்தப் பெரிய கம்பத்தின் அடியில் நின்று படமெடுத்து, எதிர்காலம் இங்கே சுழல்கிறது என்று வாசகம் எழுதிச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பியவன் நான். 2025 ஆகஸ்டில் அதே மன்னாரில் சனம் தெருவில் இறங்கியது. புதிய காற்றாடிகளுக்கான பாகங்களை ஊருக்குள் விடமாட்டோம் என்றார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டம்பர் 26 இரவு பொலிஸ் காவலோடு பாகங்கள் வந்தபோது அடிபிடியானது, அடுத்து ஹர்த்தால். நான் அந்த நேரம் எங்கள் சனசமூக நிலையத்தில் "காற்றாலை பற்றிய மூடநம்பிக்கைகள்" என்று ஒரு பேச்சுக்குத் தேதி கொடுத்திருந்தேன். கேட்க வந்தவர்களில் மன்னாரிலிருந்து இங்கே கலியாணம் கட்டி வந்த பெண் ஒருவர் இருந்தார்.

காற்றாடி மழையை ஓட்டிவிடும் என்பது விஞ்ஞானமல்ல என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். "சேர், மழையை விடுங்கோ. காத்தாடிக்குப் போக உயர்த்திக் கட்டின றோட்டு மழைத்தண்ணியை மறிச்சு வீட்டுக்குள்ள விடுகுது எண்டு எங்கட சனம் சொல்லுகினம். அதுவும் மூடநம்பிக்கையோ?" என்னுடைய படத்தொகுப்பில் அடுத்த படம், அந்தக் கம்பத்தின் அடியில் நான் நிற்கிற படம். அதில் என் காலடியில் அந்த றோட்டு நல்ல உயரமாக, நேராக, தெளிவாகத் தெரிந்தது. மின்வெட்டு வரவேண்டிய நேரம் அது. ஆனால் அந்தக் காலம் போய்விட்டது, வெளிச்சம் பளிச்சென்று எரிந்தது. தலைப்பை மாற்றி மறுபடி ஒருநாள் பேசுவோம் என்று இறங்கினேன். அவரோடு பிறகு நெடுநேரம் கதைத்தேன். பேச வந்த எனக்கு அவர் தந்த பாடம் என் பேச்சைவிட நல்லது. மன்னார் தட்டையான தீவு. ஒரு அடி உயரம் எங்கே வைத்தாலும் தண்ணீர் அதைச் சுற்றி வேறொரு வீட்டைத் தேடும் என்றார். குடாநாடும் தட்டைதான்.

இதற்குப் பிறகாவது ஆச்சி சொன்னதைச் செய்வோம், காற்றுக் காலத்தில் போவோம் என்று முடிவெடுத்தேன். புது வினாக்கொத்தும் தயார் செய்தேன். "வேறு" என்ற கட்டத்தை ஒரு முழுப் பக்கமாக்கினேன். மற்றக் கேள்விகளைப் பின்பக்கத்துக்குத் தள்ளினேன். நல்ல சோளகம் அடிக்கிற நாளாகப் பார்த்து, வெறும் வயிற்றில், சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போனேன்.

அங்கே காற்று என்றால் அதுதான் காற்று. தொப்பி முதல் அடியிலேயே கடலுக்குப் போனது. நெடுந்தீவு வள்ளம் துறையில் கட்டினபடியே ஏறி இறங்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆசிரியைகள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கதை நிற்காமல், கால் வைத்து ஏறினார்கள். ஒரு அம்மா வெறும் றெஜிபோம் பெட்டியை முன்னால் எறிந்துவிட்டுப் பின்னால் ஏறினார். நான் ஒரு காலை வைத்தேன். வள்ளம் கீழே போனது. காலை எடுத்தேன். "ஐயா, ஏறுறியளோ, இல்லாட்டி வழி விடுறியளோ?" என்றான் பொடியன். வழி விட்டேன்.

நயினாதீவு வள்ளம் பக்கத்தில்தான் நின்றது. அது கொஞ்சநேர ஓட்டம், கடலும் அந்தப் பக்கம் அவ்வளவு மோசமில்லை. அம்மனைக் கும்பிட்டு, அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, பின்னேர வள்ளத்தில் வந்துவிட்டேன். நயினாதீவும் அந்த மூன்று தீவுகளில் ஒன்றுதானே, களஆய்வு செய்தது செய்ததுதானே என்று வீட்டில் சொன்னேன்.

"அப்ப அங்க கம்பம் எங்க நடப்போகினமாம்?" என்றார் மனைவி. "காணிக்காரரிட்டக் கேட்டனீங்களோ?"

பூசணிக்காய்க் கறியும் பருப்பும் நல்லாயிருந்தது, பாயாசம் கொஞ்சம் தண்ணி என்றேன்.